அதே ஆட்கள், அதே ஆலை!

ஆலை ஒன்று நட்டத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தேங்கிவிட்டது, கடன் ஏறிவிட்டது, பங்குதாரர்கள் முகம் சுளிக்கின்றனர். உடனே என்ன நடக்கிறது? சீர்திருத்த நிபுணர்கள் வருகிறார்கள், குளிரூட்டிய அறையிலே அமர்கிறார்கள், கணக்கேடுகளைப் புரட்டுகிறார்கள், பத்தே நாளில் நோய் இன்னதென்று கண்டுபிடித்தும் விடுகிறார்கள்! ஆள் அதிகம், கூலி அதிகம், லீவு அதிகம், சங்கத்தின் வாய் எல்லாவற்றையும்விட அதிகம். இதுதான் நோயாம். மருந்து? ஆட்குறைப்பு!

மருந்துக்குச் சூட்டும் பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 'ரேஷனலைசேஷன்' என்றனர் ஒரு காலத்தில். 'மறுசீரமைப்பு' என்றனர் பிறகு. 'உருமாற்றம்' என்கின்றனர் இன்று. பெயர் எதுவானாலும் கத்தி விழுகிற கழுத்து ஒன்றே.

தொழிலாளி தவறே செய்யாதவன் என்று வாதாட வரவில்லை நாம். சொல்லாமல் லீவு போடுகிறவன் உண்டு. வேலையை ஏனோதானோ என்று செய்கிறவனும் உண்டு. ஆனால், காய்ச்சல் கண்டவன் உடம்பு சுடுகிறது என்பதற்காக, தோலை உரித்தால் சூடு தணியும் என்று கூறுகிற வைத்தியனை என்னவென்று அழைப்பது? சூடு நோயின் அடையாளம். நோயின் வேர் வேறெங்கோ இருக்கிறது. வேரைத் தேடு என்பது வள்ளுவர் காலத்து அறிவு. ஆலை நிர்வாகத்துக்கு அந்த அறிவு எட்டாமற் போவதேன்?

ஏனென்றால், தேடிக்கொண்டே போனால் வேர் தங்கள் நாற்காலிக்கு அடியிலே அகப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு! அந்த அச்சத்தில் நியாயம் உண்டு என்பதைக் காட்டுகிறது அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. கற்பனைக் கதையல்ல; ஆண்டும் கணக்கும் உள்ள வரலாறு. ஒவ்வொரு தொழிற்சங்க ஊழியரும் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டிய வரலாறு.

பிரீமாண்ட்டின் பழைய கதை

கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது பிரீமாண்ட் என்னும் ஊர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே கார் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது ஜெனரல் மோட்டார்ஸ். அந்நாளில் உலகிலேயே பெரிய கார் கம்பெனி அது. பணத்துக்குப் பஞ்சமில்லை, யந்திரத்துக்குப் பஞ்சமில்லை, படித்த அதிகாரிகளுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் அந்த ஆலை எப்படி நடந்தது? அன்றாடம் நூற்றுக்கு 20 பேர் வேலைக்கு வருவதில்லை. திறப்பு நாள் தொட்டு 1982 வரை, திடீர் வேலை நிறுத்தத்தாலும், எல்லோரும் ஒரே நாளில் நோய் லீவு போட்டதாலும், நான்கு முறை ஆலை முடங்கியது. தீர்க்கப்படாமல் கிடந்த தொழிலாளர் முறையீடுகள் பல வேளைகளில் 5,000-ஐத் தாண்டின. வேலை நேரத்திலே குடி. கார்க் கதவுக்குள்ளே காலிப் பாட்டிலைப் போட்டு மூடி, வாங்கியவன் காது குடைய ஓட்டட்டும் என்று அனுப்பிவைக்கும் குறும்பு. இவற்றையெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் கூறினர்.

"பார்த்தீர்களா! நாங்கள் சொன்னது சரிதானே? தொழிலாளிதானே ஆலையைக் கெடுத்தான்?" என்று துள்ளிக் குதிப்பார்கள் நிபுணர்கள். சற்றுப் பொறுக்கட்டும்.

அந்த ஆலையிலே ஒரு சட்டம் இருந்தது. அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது! எது நடந்தாலும் நிற்கக் கூடாது! போல்ட்டு பொருந்தவில்லையா, லைன் ஓடட்டும். பாகம் தவறானதா, லைன் ஓடட்டும். தவறு கண்ணெதிரே தெரிந்தும் நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு இல்லை; நிறுத்தினால் வேலை போகும். அன்றைக்கு எத்தனை வண்டி வெளியேறிற்று என்பதுதான் போர்மேனுக்கு மதிப்பெண். ஓடுகிற வண்டியா, ஓடாத வண்டியா என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி! குறையுள்ள கார்கள் ஆலைக்குப் பின்புறம் வரிசை வரிசையாக நின்றன. செய்ததைப் பிரித்து மறுபடி செய்வதற்குத் தனி ஆள், தனிக் கூலி, தனிச் செலவு.

தன் கையால் செய்வது குப்பை என்று ஒரு மனிதனுக்குத் தெரிகிறது, அதைத் தடுக்கவும் அவனுக்கு வழியில்லை, சொன்னாலும் கேட்பாரில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இப்படி நடத்தப்பட்டவன் குடியைத் தேடினான் என்றால், லீவைத் தேடினான் என்றால், குற்றவாளி அவன் ஒருவன் மட்டும்தானா?

1982-ல் ஆலையை மூடியது ஜெனரல் மோட்டார்ஸ். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தீர்ப்பும் எழுதப்பட்டது: "கெட்ட தொழிலாளிகள், கெட்ட சங்கம், ஆகவே ஆலை மூடப்பட்டது!"

மாற்றம் வந்தது

அடுத்த ஆண்டே, 1983-ல், ஜப்பானிய டொயோட்டா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது ஜெனரல் மோட்டார்ஸ். மூடிய அதே பிரீமாண்ட் ஆலையை இருவரும் சேர்ந்து நடத்துவது. அன்றாட நிர்வாகம் டொயோட்டா கையில். புதிய கம்பெனியின் பெயர் சுருக்கமாக 'நும்மி'.

தரும சிந்தனையால் பிறந்த கூட்டல்ல இது. ஜப்பானியக் கார் இறக்குமதிக்கு 1981 முதல் அமெரிக்காவில் வரம்பு விழுந்துவிட்டது. அமெரிக்க மண்ணிலேயே கார் செய்து பழக வேண்டிய கட்டாயம் டொயோட்டாவுக்கு. சிறிய காரை இலாபத்தோடு செய்வது எப்படி என்று கற்கவேண்டிய கட்டாயம் ஜெனரல் மோட்டார்ஸுக்கு. இருவரும் தத்தம் ஆதாயத்துக்கே வந்தார்கள்.

யாரை வேலைக்கு எடுப்பது? இங்கேதான் சங்கம் குறுக்கிட்டது. ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கம், பழைய தொழிலாளர்களுக்கே முதலிடம் என்று நின்றது. டொயோட்டா தயங்கியது, முடிவில் இணங்கியது. சங்கத்தை ஏற்று, 1983 செப்டம்பரில் உடன்படிக்கைக் கடிதமும் தந்தது. முதலில் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் அதே பழைய ஆலையின் ஆட்கள்! எவரைக் 'கெட்ட ஆட்கள்' என்று முத்திரை குத்தினார்களோ, அவர்கள். எந்தத் தலைமையைக் 'கெட்ட சங்கம்' என்றார்களோ, அந்தத் தலைமையும் உள்ளே வந்தது. பழையவர் எல்லோரும் திரும்பவில்லை என்பது உண்மை. சேருமுன் சோதனைகள் இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும், ஊரைவிட்டு ஊர் போய்ப் புதுப் பட்டாளம் எதையும் திரட்டி வரவில்லை டொயோட்டா.

குழுத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 450 பேர் மூன்று வாரப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர். 1984 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. பிறகு நடந்ததுதான் உலகை வியக்க வைத்தது. நூற்றுக்கு 20 என்றிருந்த வராதோர் கணக்கு 3, 4 என்று இறங்கிற்று. இரண்டே ஆண்டில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளிலேயே உற்பத்தித் திறனிலும் தரத்திலும் முதலிடம் பிரீமாண்ட்டுக்கு!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தார் அளந்து பார்த்தனர். பிரேமிங்காம் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, 1987-ல் ஒரு கார் பூட்ட எடுத்துக்கொண்ட நேரம் 31 மணி; பிரீமாண்ட் எடுத்துக்கொண்டது 19 மணி. பிரேமிங்காமில் 100 காருக்கு 135 குறை; பிரீமாண்ட்டில் 45. ஜப்பானில் உள்ள டகவோகா ஆலையிலும் அதே 45-தான். கடல் கடந்த ஜப்பானியத் தொழிலாளிக்குத் தரத்தில் சமமாக நின்றான், குடிகாரன் என்றும் சோம்பேறி என்றும் தூற்றப்பட்ட அமெரிக்கத் தொழிலாளி!

புதுப்புது யந்திரங்களால் வந்த வெற்றியா? அதுவுமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் வேறு ஆலைகளில் பிரீமாண்ட்டைவிட நவீன யந்திரங்கள் இருந்தன. ரோபாட்டுகளுக்கென 1980-களில் அந்தக் கம்பெனி பணத்தைக் கொட்டியது. கொட்டிய இடங்களிலே இந்தப் பலன் கிட்டவில்லை.

அதே ஊர், அதே கட்டடம், அதே ஆட்கள், அதே சங்கம். மாறியது என்ன? நிர்வாகம்! அப்படியானால், நோய் எங்கே இருந்தது?

மூன்று முடிச்சுகள்

'நிர்வாகம் மாறிற்று' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. என்ன மாறிற்று என்று அவிழ்த்துப் பார்க்கவேண்டும். முக்கியமான முடிச்சுகள் மூன்று.

முதலாவது, வேலைக்கு உறுதி. 1985-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே எழுதிக் கையெழுத்திட்டனர்: கம்பெனியின் நெடுங்கால வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் அளவுக்கு நெருக்கடி வந்தாலொழிய 'லே-ஆப்' கிடையாது. அப்படியே வந்தாலும் முதல் வெட்டு மேலதிகாரிகளின் சம்பளத்தில். அடுத்து, வெளியே காண்ட்ராக்டுக்கு விட்ட வேலையை உள்ளே கொண்டுவந்து சொந்தத் தொழிலாளிக்குக் கொடுப்பது. அதற்கும் பிறகே மற்றது. நிபுணர்களின் வரிசை தலைகீழாக்கப்பட்டதைக் கவனியுங்கள்!

சொல் செயலாயிற்றா? 1988-ல் சோதனை வந்தது. கார் விற்பனை படுத்தது. ஆலையின் திறனில் நூற்றுக்கு 60 பங்குக்கும் குறைவாகவே வேலை இருந்தது. ஒருவரையும் வெளியே தள்ளவில்லை. மிஞ்சிய ஆட்களைப் பயிற்சிக்கும் ஆலைப் பராமரிப்புக்கும் அனுப்பினர். அன்றுதான் தொழிலாளி நம்பினான். யோசனை சொன்னால் தன் வேலைக்கே உலை என்றிருந்தால் எவன் வாய் திறப்பான்? உலை இல்லை என்று தெரிந்ததும் திறந்தான். 1991-ஆம் ஆண்டில் மட்டும் தொழிலாளர் தந்த யோசனைகள் 10,000-க்கு மேல். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு நிறைவேற்றப்பட்டன.

இரண்டாவது, நிறுத்தும் உரிமை. லைன் நெடுக ஒரு கயிறு. தவறு தென்பட்டதும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். மணி ஒலிக்கும்; குழுத் தலைவர் ஓடிவருவார்; "ஏன் இழுத்தாய்?" என்று மிரட்டுவதற்காக வருவதில்லை, "எங்கே கோளாறு?" என்று கேட்டு உதவுவதற்காக வருவார். தீர்ந்தால் லைன் ஓடும், தீராவிட்டால் நிற்கும். கோடிக்கணக்கில் முதல் போட்ட ஆலையை நிறுத்தும் அதிகாரம், கூலி வாங்குகிற கையிலே! பழைய நிர்வாகத்திலே இது ராஜத் துரோகம். புதிய நிர்வாகத்திலே இது கடமை. தவறு பிறந்த இடத்திலேயே பிடிபட்டதால், பிரித்துச் செய்யும் செலவு குறைந்தது.

மூன்றாவது, சுவர்கள் இடிந்தன. பழைய ஆலையிலே உற்பத்தி வேலைக்கு எண்பது அளவில் பிரிவுகள். 'இது என் வேலை, அது உன் வேலை' என்று எண்பது வேலிகள். அவற்றை ஒன்றாக்கி, ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழுக்கள் அமைத்தனர். வேலிகளைக் கைவிடச் சங்கம் சும்மா இணங்கவில்லை. வேலை உறுதியை விலையாகப் பெற்றுக்கொண்டே இணங்கியது. மேலேயிருந்த வேலியும் போயிற்று. அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டுக்கூடம் இல்லை. கார் நிறுத்தத் தனி இடம் இல்லை. சிறு செய்திதானே என்று எண்ணாதீர்கள். ஒரே பந்தியில் உட்காராதவன் உற்பத்தியில் நீயும் நானும் ஒரே குடும்பம் என்று பேசினால், எவன் நம்புவான்?

இந்த வேலை உறுதி டொயோட்டாவின் இரக்கத்திலே பூத்ததா? இல்லை. 1950-ல் டொயோட்டாவே திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பு என்றது நிர்வாகம். கொதித்தெழுந்தது ஜப்பானியத் தொழிலாளர் கூட்டம். பெரும் போராட்டம் நடந்தது. சுமார் 1,600 பேர் வேலை இழந்தனர். கம்பெனியை நிறுவிய கீச்சிரோ டொயோடாவும் தலைமைப் பதவியைத் துறந்தார். அந்த வடுவிலிருந்துதான், வேலைக்கு உறுதி தராமல் ஒத்துழைப்பைக் கேட்க முடியாது என்ற பாடம் பிறந்தது. அந்தக் கீச்சிரோவின் மகன் தட்சுரோ டொயோடாதான் பிரீமாண்ட்டின் முதல் தலைவராக வந்தார். தந்தை விலை கொடுத்துக் கற்ற பாடத்தை மகன் ஆலையிலே நடத்திக் காட்டினார். பாடம் புகட்டியவர்கள் யார்? போராடிய தொழிலாளர்கள்!

மறுபக்கமும் உண்டு

பிரீமாண்ட்டைப் பாட்டாளியின் பொன்னுலகம் என்று நாம் புகழப் போவதில்லை. தோழர்கள் இரு பக்கமும் பார்க்கவேண்டும்.

வேலை வேகமானது, வினாடி வினாடியாக அளக்கப்பட்டது. பழைய ஆலையில் மூச்சு விடக் கிடைத்த நேரமும் கோர்க்கப்பட்டுவிட்டது. 'இது நெருக்கிப் பிழியும் நிர்வாகம்' என்று அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்திலேயே கண்டனம் எழுந்தது. 1993-ல் புதிய மாடல் புகுத்தப்பட்டபோது கை, தோள், முதுகு வலியால் துன்புற்றோர் பெருகினர்; கலிபோர்னியாவின் தொழிற்பாதுகாப்புத் துறை தலையிட்டு நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. சங்கத்துக்குள்ளேயும் இரண்டு அணிகள் நின்றன. ஒத்துழைப்போம் என்றது ஒன்று. ஒத்துழைப்பின் பெயரால் ஓய்ந்துவிடாதே என்றது மற்றொன்று. இரண்டும் இருந்ததால்தான் வேலைச் சுமை பற்றிய பேச்சு அடங்கிப் போகவில்லை.

முறை நல்லதென்றால் அதைக் கொண்டுவந்த கம்பெனியின் எல்லா ஆலைகளிலும் தேனும் பாலும் ஓடவேண்டுமே! கர்நாடகத்தில், பிடதியில் உள்ள டொயோட்டா கூட்டுக் கம்பெனியின் ஆலையைப் பாருங்கள். 2006, 2014, 2020 என மூன்று முறை கதவடைப்பு. 2020-ல் சங்கம் எழுப்பிய முறையீடு என்ன? வேலைச் சுமை தாங்க முடியவில்லை என்பதே. கயிறும் குழுவும் கைசனும் கடல் கடந்து வந்துவிட்டன. அவற்றுக்கு உயிர் தந்த உடன்பாடு உடன் வந்ததா என்பதே கேள்வி.

சட்டையை எடுத்தார்கள், உயிரை விட்டார்கள்

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன கற்றது? கூட்டு ஆலையிலே கற்றுவர 16 அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் கற்றார்கள்; திரும்பிவந்து சொன்னார்கள். கேட்டவர் குறைவு. பிரீமாண்ட் கயிற்றைப் பார்த்தார்கள், குழுக்களைப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த உறுதிமொழி, தொழிலாளியின் பேச்சுக்கு அதிகாரி இறங்கிவரும் அந்தப் பழக்கம், படத்திலே விழவில்லை!

அதே கலிபோர்னியாவிலே, தெற்கே வான் நைஸ் என்ற ஊரில் இருந்த ஆலையில் 'குழு முறை' புகுத்தினர். எப்படி? ஒப்புக்கொள், இல்லாவிட்டால் ஆலை மூடப்படும் என்ற மிரட்டலின் நிழலிலே! சங்கம் இரண்டாகப் பிளந்தது. 1986-ல் சிறு பெரும்பான்மையில் திட்டம் ஏற்கப்பட்டது. பெயர் குழு, நடப்பு பழைய நடப்பு. லைனை நிறுத்த உரிமை தர அதிகாரிகளுக்கு மனமில்லை. நம்பத் தொழிலாளிகளுக்கு மனமில்லை. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

ஆண்டுகள் உருண்டன. 2009 ஜூன் 1-ஆம் நாள், உலகின் முதல்வனாய் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கோர்ட்டுப் படியேறியது. கால் நூற்றாண்டாகத் தன் வீட்டுக் கொல்லையிலேயே மருந்துச் செடி வளர்ந்து நின்றது. நிர்வாகம் தன் வழக்கத்தை விட முன்வராதபோது அந்த மருந்து எப்படி இறங்கும்?

வேலையில் குறையில்லை, கதவு மூடிற்று!

இனி வருவதுதான் நெஞ்சைச் சுடும் பகுதி.

திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டா என்ன செய்தது? 2009 ஆகஸ்டில் மூடும் முடிவை அறிவித்தது. அமெரிக்காவில் அந்த மோட்டார் சங்கம் இடம்பெற்றிருந்த ஒரே டொயோட்டா கார் ஆலை அதுதான். 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் கடைசிக் கார் வெளிவந்தது. 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 80 லட்சம் வண்டிகள் செய்து தந்த ஆலையிலிருந்து சுமார் 4,700 பேர் வெளியேறினர்.

தரம் குறைந்ததா? இல்லை. வராதோர் பெருகினரா? இல்லை. தொழிலாளி தன் பங்கைச் செய்தான், வாக்குத் தவறவில்லை. ஆனால் எந்தக் கார் எந்த ஊரில் செய்யப்படும், முதல் எங்கே போடப்படும், எந்த ஆலை இருக்கும், எது மூடும் என்ற முடிவுகள் அவன் கைக்கு எட்டாத உயரத்திலே எடுக்கப்பட்டன. லைனை நிறுத்தும் கயிறு கொடுத்தார்கள்; மூடும் முடிவை நிறுத்தும் கயிறு கொடுக்கவில்லை!

அதே ஆண்டு அந்தக் கட்டடத்தை 4 கோடி 20 லட்சம் டாலருக்கு வாங்கியது டெஸ்லா கம்பெனி. இன்று அங்கே மின்சாரக் கார்கள் செய்யப்படுகின்றன. சங்கம் இல்லாமலே நடந்துவருகிறது அந்த ஆலை.

நமக்கு என்ன?

கைசன் என்ற சொல் ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தோழர்களுக்குப் புதிதல்ல. ஆலைச் சுவரிலே எழுதியிருக்கும். காலைக் கூட்டத்திலே ஓதப்படும். நாளை உங்கள் ஆலைக்கும் 'மாற்றத் திட்டம்' வரலாம். வந்தால் என்ன செய்வது?

கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் தவறு. கையைக் கட்டிக்கொண்டு ஏற்பதும் தவறு. பிரீமாண்ட் கற்றுத்தரும் கேள்விகளைக் கேளுங்கள்.

நோய் இன்னதென்று முடிவு கட்டியவர் யார்? லைனுக்கு வந்து பார்த்தாரா, தாளைப் பார்த்தாரா? யந்திரத்தருகே நிற்பவனை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லையென்றால், அந்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதற்கான ஆட்சேபத்தை எழுத்திலே கொடுங்கள்.

வேலை உறுதி எழுத்தில் உண்டா? 'பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. சிக்கனம் மேலேயிருந்து தொடங்குமா? காண்ட்ராக்டு வேலை உள்ளே வருமா? யோசனையால் மிச்சமாகும் நேரம் ஓய்வாகுமா, ஆட்குறைப்பாகுமா?

தவறு கண்டால் நிறுத்தும் உரிமை உண்டா? நிறுத்தியவனுக்குக் கிடைப்பது பாராட்டா, மெமோவா?

இக்கேள்விகளுக்கு இன்று அவசரம் கூடியிருக்கிறது. முன்பு 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற ஆலைகளில் லே-ஆப், ஆட்குறைப்பு, மூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அந்த எண்ணிக்கையை 300 ஆக உயர்த்திவிட்டது. 200 பேர் வேலை செய்கிற ஆலையிலே வெட்டுக்குத் தடை சொல்ல இருந்த ஒரு கதவு அடைபட்டது. சட்டம் தந்த காப்பு குறையும்போது ஒப்பந்தம் தருகிற காப்பைக் கூட்டியாக வேண்டாமா?

கையில் உள்ள கருவிகளையும் மறந்துவிடக் கூடாது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற ஆலைகளில், இரு தரப்பும் அமரும் வேலைக் குழு அமைக்க ஆணையிட, 1947-ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. புதிய தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்பதும் அதிலே உண்டு. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெறச் செய்யவேண்டும் என்று, 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அது வழிகாட்டும் நெறி. கோர்ட்டிலே வழக்காட இடம் தராதது. ஆகவே அது ஏட்டில் உறங்குகிறது. உறங்குவதை எழுப்புவது யார் வேலை?

வேலைக் குழு உங்கள் ஆலையில் உண்டா? உண்டென்றால், கேண்டீன் காப்பியைப் பற்றி மட்டும் பேசிக் கலைகிறதா? அடுத்த கூட்டத்திலே உற்பத்தியைப் பற்றியும் பேசுங்கள். எந்த யந்திரம் ஏன் நிற்கிறது, எந்தப் பாகம் ஏன் திரும்பி வருகிறது, எங்கே பணம் கசிகிறது என்ற கணக்கை உங்கள் ஷிப்டு நேரத்திலேயே எழுதி வையுங்கள். நிபுணர் பத்து நாளில் தேடுவதைப் பத்து ஆண்டாகக் கண்ணால் பார்ப்பவர் நீங்கள். நோயை நீங்கள் முதலில் எழுதினால், மருந்தை அவர்கள் மட்டும் எழுத முடியாது.

அதோடு நின்றுவிடாமல், புதிய மாடல் எந்த ஆலைக்கு, புதிய முதல் எந்த ஊருக்கு என்ற பேச்சிலும் சங்கத்துக்கு இடம் கேளுங்கள். நல்ல வேலை நல்ல ஆலையை உண்டாக்கும்; ஆனால் நல்ல ஆலையும் மூடப்படலாம் என்பதற்குப் பிரீமாண்ட்டின் 4,700 பேர் சாட்சி.

தொழிலாளியால் ஆலை கெட்டது என்று இனி எவரேனும் மேடையேறினால், ஒரே கேள்வி கேளுங்கள்: "1982-ல் ஆலையைக் கெடுத்த கைகள் 1986-ல் எப்படி முதலிடம் பெற்றன?" பதில் வரும்வரை ஆட்குறைப்புத் தாளிலே சங்கம் கையெழுத்திடக் கூடாது.